மேனி எரியாத சோப்பு எது? மளிகைக் கடைக்காரர் அறிய வேண்டியவை



அரிசி, பருப்பு, புளி, மிளகாய் இவற்றின் தரத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. துவரம்பருப்பை ஒரு கை அள்ளிப் பார்த்தே புதுச் சரக்கா, பழைய சரக்கா என்று சொல்லிவிடுவோம். ஆனால் சோப்பு, ஷாம்பு என்று வரும்போது மட்டும் விலை, ஸ்கீம், விளம்பரம் ஆகிய மூன்றோடு நம் பார்வை நின்றுவிடுகிறது. உறைக்குள் இருப்பது என்ன, அது தோலில் என்ன செய்யும் என்று பார்ப்பதில்லை.

வாடிக்கையாளரோ நம்மைத்தான் கேட்கிறார். "அண்ணாச்சி, பிள்ளைக்கு எந்த சோப்பு போட்டாலும் உடம்பெல்லாம் அரிக்குது. எரியாத சோப்பா ஒண்ணு குடுங்க" என்று ஒரு தாய் கேட்காத நாள் உண்டா? தோல் மருத்துவரிடம் போகும் முன் அவர் நம் கடைக்கு வருகிறார். நாமும் கைக்கு எட்டிய சோப்பை எடுத்து, "இது நல்லா ஓடுதும்மா" என்கிறோம். நன்றாக ஓடும் சோப்பு வேறு, தோலுக்கு இதமான சோப்பு வேறு. இரண்டையும் பிரித்தறியும் வழியைப் பற்றியே இந்தக் கட்டுரை.

நம் பகுதிக்கு இது ஏன் முக்கியம்?

தேவனாம்பட்டினத்திலும் கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலும் மீன் அரியும் பெண்களின் கைகளைப் பார்த்திருப்பீர்கள். உப்பு நீர், ஐஸ், மீன் செதில், கத்தி இவற்றோடு நாள் முழுதும் பழகும் கைகள். வேலை முடிந்ததும் கவுச்சி வாசம் போக வேண்டும் என்று துணி துவைக்கும் கட்டியைப் போட்டுத் தேய்க்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்போரின் நிலையும் இதுதான். முந்திரி ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும் தன்மை உடையது. அந்தக் கையிலும் சலவைக் கட்டியே ஏறுகிறது. உணவகத்தில் பாத்திரம் துலக்குவோர், சலவைத் தொழிலாளர், நம் கடையிலேயே சோப்புத்தூள் மூட்டை பிரித்துப் பொட்டலம் கட்டும் பையன்கள் என்று இந்தப் பட்டியல் நீளும்.

இவர்கள் எல்லோரும் நம் வாடிக்கையாளர்கள், நம் ஆட்கள். கையில் வெடிப்பு விழுந்தால் இவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும். பத்து ரூபாய் சரக்கில் நாம் சொல்லும் ஒரு சொல் அவர்கள் பிழைப்பைத் தொடுகிறது.

அழுக்கு எப்படிப் போகிறது?

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நாம் அறிந்ததே. உடம்பில் படியும் அழுக்கு எண்ணெய்ப் பசையோடு ஒட்டியிருப்பதால் வெறும் தண்ணீருக்கு அது அசையாது. இடையே ஒரு தரகர் தேவைப்படுகிறார். அந்தத் தரகர்தான் சர்ஃபாக்டன்ட் எனப்படும் கழுவுபொருள். அதன் ஒவ்வொரு அணுத்திரளுக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். பல திரள்கள் கூடி எண்ணெயை நடுவில் வைத்து உருண்டையாகச் சூழ்ந்துகொள்ளும். தண்ணீர் ஊற்றியதும் அழுக்கு வழிந்தோடும். சோப்பு, ஷாம்பு, சலவைத்தூள், பற்பசை யாவற்றிலும் வேலை செய்வது இந்தத் தத்துவமே.

தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் போன்றது. செல்கள் செங்கற்கள் என்றால் அவற்றின் இடையே உள்ள கொழுப்பு சுண்ணாம்புக் காரை. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும், வெளியிலுள்ள நச்சு உள்ளே புகாமலும் காப்பது இந்தச் சுவர். கழுவுபொருளுக்கு அழுக்கு எண்ணெய் எது, சுவரின் காரை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கடுமையான கழுவுபொருள் காரையையும் கரைத்துக்கொண்டு போகும், செங்கல்லையும் ஊறி உப்ப வைக்கும். பிறகு தோல் இழுக்கிறது, வெள்ளை பூக்கிறது, அரிக்கிறது, வெடிக்கிறது. நல்ல தோல் சில மணி நேரத்தில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். குழந்தை, முதியவர், கரப்பான் போன்ற தோல்நோய் உள்ளவர், ஓயாமல் ஈரத்தில் கை வைப்பவர் ஆகியோருக்கு அந்தச் சக்தி குறைவு. அவர்களையே மென்தோலினர் என்கிறோம்.

மஞ்சள் சொல்லும் பாடம்

மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்பைத் தேய்த்தால் கறை சிவந்துபோவதைப் பார்க்காதவர் இல்லை. ஆலத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் செக்கச்செவேல் என்று ஆவதும் இதே காரணத்தால்தான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். பள்ளியில் பி.எச். என்று படித்தோமே, அந்த அளவில் 7 நடுநிலை, அதற்கு மேல் காரம், கீழே அமிலம். நம் தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டிய மென்மையான அமிலத் தன்மை உடையது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் செய்யும் அசல் சோப்பு 9-லிருந்து 10 வரை இருக்கும். சலவைக் கட்டியில் சலவைச் சோடாவும் சேர்வதால் காரம் இன்னும் கூடுதல்.

இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி நிழலில் உலர்த்துங்கள். கடையிலுள்ள ஒவ்வொரு குளியல் கட்டியையும் சிறிது நனைத்து, அந்த நுரையில் ஒரு சொட்டு தாளில் வையுங்கள். சிவந்தால் அது காரமுள்ள அசல் சோப்பு, அல்லது சோப்பு கலந்தது. மஞ்சள் அப்படியே நின்றால் அது சோப்பே அல்லாத வேறு கழுவுபொருளால் ஆன கட்டி. இந்த இரண்டாம் வகையை சிண்டெட் கட்டி என்பார்கள். அமெரிக்காவில் 1957-ல் வந்த டவ் இவ்வகையில் பெயர் பெற்றது.

காரமில்லை என்பதனாலேயே இதம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில ஷாம்புகளும் உடல் கழுவும் திரவங்களும் மஞ்சளைச் சிவக்க வைக்காது. ஆனாலும் அவற்றில் உள்ள கழுவுபொருள் கடுமையானதாக இருக்கலாம். மஞ்சள் பாதி உண்மையைச் சொல்லும். மீதியை உறையின் பின்புறம்தான் சொல்ல வேண்டும்.

டி.எஃப்.எம். எண்ணும் அதன் எல்லையும்

டி.எஃப்.எம். கூடுதலாக இருந்தால் தோலுக்கு நல்லது என்று நம் வியாபாரத்தில் ஒரு பேச்சு உண்டு. டி.எஃப்.எம். என்பது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காடு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2888 தரத்தின்படி டாய்லெட் சோப்பு முதல் தரத்திற்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்திற்கு 70, மூன்றாம் தரத்திற்கு 60 விழுக்காடு இருக்க வேண்டும். பேதிங் பார் என்பது வேறு வகை. ஐ.எஸ். 13498 தரத்தின்படி அதற்குக் குறைந்தது 40 போதும்.

எண் கூடினால் சோப்புச் சத்து அதிகம், இட்டுநிரப்பும் பொருள் குறைவு. கட்டி சீக்கிரம் கரையாது, கொடுத்த காசுக்கு மதிப்பு கிடைக்கும். அந்த அளவில் இந்த எண் மிகவும் பயனுள்ளது. ஆனால் 76 உள்ள சோப்பும் சோப்புதான், அதுவும் மஞ்சளைச் சிவக்க வைக்கும். சிண்டெட் கட்டியோ சோப்பு என்ற இலக்கணத்துக்குள் அடங்காததால் பேதிங் பார் என்ற பெயரில்தான் வரும். ஆகையால் பேதிங் பார் என்ற சொல்லின் கீழ் இரண்டு நேர் எதிரான சரக்குகள் நிற்கின்றன. ஒன்று சோப்புச் சத்தைக் குறைத்து நிரப்புப் பொருள் சேர்த்த மலிவுக் கட்டி. மற்றது மென்தோலுக்கென்று செய்த விலை கூடிய கட்டி. டி.எஃப்.எம். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுவோம்.

டி.எஃப்.எம். என்பது சோப்பின் சத்தை அளக்கும் படி. தோலின் இதத்தை அளக்கும் படி அன்று. எண்ணெயை முழக்கோலால் அளக்க முடியுமா?

பெயரைப் பார்த்துக் குணம் அறிக

2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, ஒரு விழுக்காட்டுக்கு மேல் சேர்ந்துள்ள பொருள்களை எடை கூடியது முதலில் வருமாறு உறையில் வரிசையாக அச்சிட வேண்டும். முதல் நான்கைந்து பெயர்களைப் பார்த்தாலே சரக்கின் குணம் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். கீழ்க்கண்டவற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட், சோடியம் கோகோயேட், சோடியம் டாலோவேட்: இவை முறையே பனை எண்ணெய், பனங்கொட்டை எண்ணெய், தேங்காய் எண்ணெய், மாட்டுக் கொழுப்பு இவற்றிலிருந்து செய்த அசல் சோப்புகள். நல்ல தோலுக்குக் குறையில்லை. மென்தோலுக்குக் கொஞ்சம் காரம்.

சோடியம் லாரைல் சல்ஃபேட்: சுருக்கமாக எஸ்.எல்.எஸ். நுரை மிகுதி, விலை குறைவு, தோலுக்குக் கடுமை. தோலில் எரிச்சலை வேண்டுமென்றே உண்டாக்கி ஆராய விரும்பும் மருத்துவ ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளும் பொருளே இதுதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோடியம் லாரெத் சல்ஃபேட்: மேற்படி பொருளின் தம்பி. பெயரில் ஓரெழுத்து வித்தியாசம் போல் தெரியும். இதன் திரள் பெரிது என்பதால் தோலுக்குள் நுழைவது குறைவு. ஆகவே அண்ணனைவிட மென்மை. இன்றைய ஷாம்புகளில் பெரும்பாலும் இதுவே இருக்கிறது.

கோகாமிடோபுரோப்பைல் பீட்டைன்: தேங்காய் எண்ணெய் வழி வந்த மென்மையான பொருள். இதைக் கடுமையான பொருளோடு சேர்த்தால் அதன் கடுமையையும் தணிக்கும். கழுவுபொருள் ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் எரிச்சல் கூடும் என்று நினைக்க வேண்டாம். சரியான கலவையில் குறையவே செய்யும்.

சோடியம் கோகோயில் ஐசெதியோனேட், டெசைல் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு: இவை மென்மை வரிசையில் முன்னிற்பவை. விலையும் கூடுதல்.

இவற்றில் பல தேங்காயிலிருந்து வருபவை என்பதைக் கவனியுங்கள். கடுமையான எஸ்.எல்.எஸ்.-ஸும் தேங்காய் எண்ணெயிலிருந்து செய்யப்படுகிறது, மென்மையான குளுக்கோசைடும் செய்யப்படுகிறது. ஆகவே உறையில் தேங்காய்ப் படம் போட்டிருப்பதால் இதம் என்று கொள்ளலாகாது. தேங்காயிலிருந்துதான் எண்ணெயும் வருகிறது, கொட்டாங்கச்சிக் கரியும் வருகிறது.

மென்மையான பொருளும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதில்லை. மேலே சொன்ன பீட்டைனை 2004-ல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்துக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. தயாரிப்பின்போது தங்கிவிடும் மாசுகளே பெரும்பாலும் அதற்குக் காரணம். வாசனைப் பொருளும் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. எனவே "இது யாருக்கும் ஒன்றும் செய்யாது" என்ற வாக்குறுதி நம் வாயிலிருந்து வரவே கூடாது.

இயற்கை என்றால் இதமா?

சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை இவற்றில் சபோனின் என்ற கழுவுபொருள் இயற்கையாகவே இருக்கிறது. அதனால்தான் அவை நுரைக்கின்றன. அவற்றில் காஸ்டிக் காரம் இல்லை என்பது நல்ல அம்சம். ஆனால் சீயக்காய் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணெய் தேய்த்துக் குளித்த எல்லோரும் அறிவோம். தலைக்கு ஏற்றது வெடித்த கைக்கு ஏற்றதாகிவிடாது. சொரசொரப்பான தூளைப் புண்ணில் தேய்ப்பதும் கெடுதல். நன்றாகச் சலித்த பயத்தமாவு குழந்தைக்கும் முதியவருக்கும் பலகாலமாகப் பழகியது. அது எண்ணெயை ஊறி எடுக்கிறதே தவிரத் தோலைக் கரைப்பதில்லை. நம் கடைச் சரக்கே இது. ஆனால் பழைய மாவு, வண்டு விழுந்த மாவு கூடாது. தின்னத் தகாத மாவு தேய்க்கவும் தகாது.

மூலிகை சோப்புகளுக்கும் நம் மாநிலத்தில் நல்ல பெயர் உண்டு. ரயில்வே மருத்துவராகப் பணியாற்றிய வி.பி.சித்தன், தோல் உபாதையால் வருந்திய தொழிலாளர்களுக்காக உருவாக்கி 1969-ல் சென்னையில் தொடங்கியதே மெடிமிக்ஸ். மூலிகையின் குணம் ஒரு பக்கம், அடிப்படை சோப்பின் குணம் ஒரு பக்கம் என்று இரண்டையும் தனித்தனியே பார்க்கப் பழக வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

கடலூர் கற்றுத்தந்த பாக்கெட்

சிறு பாக்கெட்டில் ஷாம்பு விற்கும் முறைக்கு நம் கடலூர் ஒரு தாய்வீடு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஏழை எளியவரும் வாங்கும்படி சரக்கைச் சிறு பாக்கெட்டில் தர வேண்டும் என்று முனைந்தவர். அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பு பாக்கெட்டை நாடெங்கும் கொண்டுசென்றனர். மகன்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியே தொடங்கியதே சிக் ஷாம்பு. அந்த நிறுவனம் 1998-ல் கெவின்கேர் என்று பெயர் மாறியது. காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் புதுப் பாக்கெட் இலவசம் என்ற அவர்கள் திட்டத்தை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பாக்கெட்டில் மென்தோலினருக்கு ஒரு பெரிய நன்மை ஒளிந்திருக்கிறது. நூற்றுக்கணக்கில் கொடுத்துப் பாட்டில் வாங்கி ஒத்துக்கொள்ளவில்லை என்று மூலையில் போடுவதைவிட, ஒரு பாக்கெட் வாங்கிச் சோதிப்பது மேல். முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிக் கழுவி, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் பிறகு பெரிய பாட்டில் வாங்கட்டும். சிறு பாக்கெட்டில் இடம் இல்லாததால் பொருள்களின் முழுப் பட்டியல் பெரும்பாலும் இருக்காது. அதே சரக்கின் பெரிய பாட்டிலைப் பார்த்து நாம் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

தண்ணீரும் ஒரு காரணம்

ஒரே சோப்பு ஓர் ஊரில் இதமாகவும் வேறோர் ஊரில் எரிச்சலாகவும் இருப்பது உண்டு. கடின நீரில் உள்ள சுண்ணச் சத்தும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நுரை வரவில்லையே என்று இன்னும் தேய்ப்போம், கசடு இன்னும் கூடும். கடின நீரில் கழுவும்போது கழுவுபொருள் தோலில் கூடுதலாகத் தங்கி எரிச்சலை மிகுதிப்படுத்துகிறது என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் கண்டறிந்தனர். உப்பும் கடினமும் உள்ள கரையோர ஆழ்துளைக் கிணற்று நீரில் குளிப்போருக்கு இது பொருந்தும். சிண்டெட் வகைகள் கடின நீரிலும் கசடு கட்டாது. எந்த வகையானாலும் கடைசி ஒரு குடம் நல்ல தண்ணீரால் அலசச் சொல்வது பைசா செலவில்லாத யோசனை.

கடையில் நாம் செய்ய வேண்டியவை

1. சலவைக் கட்டி, பாத்திரக் கட்டி இவற்றையும் குளியல் கட்டிகளையும் ஒரே பலகையில் அடுக்க வேண்டாம். "மேலுக்குப் போடலாமா?" என்று கேட்பவரிடம் சலவைக் கட்டியைத் தெளிவாக மறுத்துவிடுங்கள்.

2. பெயரும் முகவரியும் இல்லாத கேன்களில் வரும் கைகழுவும் திரவத்தை வாங்கி விற்க வேண்டாம். ஆசிட் சிலரியையும் சோடாவையும் கலந்து வண்ணம் சேர்த்தால் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். கை வெந்த பிறகு கேட்க ஆள் இருக்காது. நம் கடைதான் இருக்கும்.

3. மென்மையான கட்டி ஒன்றிரண்டாவது கையிருப்பில் இருக்கட்டும். மெதுவாகத்தான் ஓடும். ஆனால் அதைத் தேடி வருபவர் மாதச் சரக்கு முழுவதையும் நம்மிடமே வாங்குவார்.

4. நுரையைக் காட்டி விற்காதீர்கள். நுரை கண்ணுக்கு அழகு. அழுக்கு போவதற்கும் அதற்கும் நேர் கணக்கு இல்லை.

5. மீன் வேலை, முந்திரி வேலை செய்வோருக்குக் கையுறையையும், கழுவியபின் ஈரம் முழுதும் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவதையும் எடுத்துச் சொல்லுங்கள். கவுச்சி போக எலுமிச்சையை வெடித்த கையில் தேய்க்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

6. இரத்தம் கசியும் வெடிப்பு, நீர் வடியும் புண், உடம்பெங்கும் தடிப்பு, கைக்குழந்தைக்குத் தோல் உரிவது இவற்றுக்கு எந்த சோப்பும் மருந்தாகாது. "முதலில் பெரியாஸ்பத்திரியில் காட்டிட்டு வாம்மா, சோப்பு எங்கேயும் போயிடாது" என்று அனுப்புங்கள். அரிப்புக்குக் களிம்பு கேட்டாலும் கொடுக்கக் கூடாது. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் 2018-ல் அரசு சேர்த்துவிட்டது. அது மருந்துக் கடையின் வேலை, மளிகைக் கடையின் வேலை அன்று.

இத்தனையும் கற்றால் இலாபம் எவ்வளவு என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு கட்டி சோப்பில் நமக்கு நிற்பது சில காசுகளே. ஆனால் பிள்ளையின் அரிப்பு நின்றுவிட்டது என்று ஒரு தாய் நான்கு வீட்டில் சொன்னால், அதைவிடப் பெரிய விளம்பரப் பலகையை நாம் மாட்ட முடியாது. இன்றே ஒரு தாளில் மஞ்சளைப் பூசி, கடையிலுள்ள கட்டிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். எது சிவக்கிறது, எது சிவக்கவில்லை என்று குறித்துக் கல்லாப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்து அந்தத் தாய் வந்து கேட்கும்போது பதில் சொல்ல அது உதவும்.